அலமாரியில் எத்தனை வேதங்கள்!

"இது எங்கள் துறையின் பைபிள்!"

மென்பொருள் எழுதும் இளைஞர் இருவர் கூடி நூல்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், சிறிது நேரத்தில் இச்சொல் வந்தே தீரும். சி மொழிக்கு ஒரு பைபிள். யூனிக்ஸுக்கு ஒரு பைபிள். வடிவமைப்புக்கு ஒரு பைபிள். இருக்கின்ற வேதங்கள் போதாவென்று கணினிக்கும் வேதங்கள் பிறந்துவிட்டனவோ என்று கேட்கத் தோன்றுகிறது. அலமாரியின் மேல்தட்டில் அவை கொலுவீற்றிருக்கின்றன. தடித்த அட்டை, தூசு படிந்த ஓரம். புரட்டிய அடையாளமோ முதல் முப்பது பக்கங்களோடு முடிந்துவிடுகிறது!

வேடிக்கை என்னவெனில், வேதமென்று போற்றப்படும் இவ்வேடுகளுள் உண்மையிலேயே சிறந்தவை எவையோ, அவை வேதத்துக்கு நேர்மாறானவை. 'நம்பு' என்று அவை ஆணையிடுவதில்லை. 'செய்து பார்' என்கின்றன. குற்றம் கண்டவனைக் குலத்துரோகி என்று விரட்டுவதில்லை; குற்றம் கண்டவனுக்குக் காசோலை அனுப்பிய ஆசிரியரும் உண்டு. இந்த உண்மையை உணராமல் வாங்குவதும் வணங்குவதும், பிறகு ஒருநாள் 'பழைய குப்பை' என்று எறிவதும் ஒரே மடமையின் இரு முகங்கள்.

கலைப் பட்டம் பெற்றுப் பள்ளியிலே பாடம் சொல்பவனுக்குக் கணினி நூல்களைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படித்து வெளியேறும் மாணவன், 'ஐயா, எந்தப் புத்தகம் வாங்கலாம்?' என்று என்னிடந்தான் வந்து நிற்கிறான். மேலைநாட்டுப் பதிப்பு ஒன்றின் விலை, அவன் வீட்டின் பல நாள் மளிகைச் செலவு. வாங்கிய நூல் மூன்றாண்டில் செத்துவிட்டால் அது அவனுக்கு இழப்பு. எழுதியவனுக்கும் விற்றவனுக்கும் இழப்பில்லை. ஆகவே கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. தவிரவும், நூல் எதுவாயினும் நூல்தான். அது காரணம் காட்டுகிறதா, கட்டளை மட்டும் இடுகிறதா என்று பார்ப்பதற்குக் கணிதப் பட்டம் தேவையில்லை.

முதலில், சாகும் நூல்களைப் பார்ப்போம். ஃப்ளாஷ் என்றொரு கருவி இருந்தது. இணையப் பக்கங்களில் படங்களை ஆடவைத்த அந்தக் கருவியைக் கற்பிக்கத் தலையணை பருமனில் ஏடுகள் வந்தன. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அதற்கு ஆதரவை நிறுத்தியது. பைத்தான் மொழியின் இரண்டாம் தலைமுறை 2020 ஜனவரி முதல் நாளில் ஓய்வு பெற்றது. கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் 2021ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. இவற்றைக் கற்பித்த நூல்களை எழுதியோர் மோசக்காரர் அல்லர். இரயில் கால அட்டவணை அச்சிடுபவனை மோசக்காரன் என்போமா? அட்டவணை வேண்டியதுதான். ஆனால் சென்ற ஆண்டு அட்டவணையைப் பட்டுத் துணியில் கட்டிப் பாதுகாப்பவனை என்னென்பது! நூலுக்குரிய குற்றங்களை வகுத்த நன்னூலார், 'நின்றுபயனின்மை' என்று ஒன்றைச் சொன்னார். சொற்கள் நிற்கும், பயன் இராது. கருவிக்கு ஆயுள் முடிந்த மறுநாள் அதன் கையேட்டுக்கு நேர்வது இதுவே.

நூலோடு முடிந்தால் பரவாயில்லை. 'இந்தப் பொத்தானை அழுத்து, இந்த வரியை எழுது' என்று மட்டும் கற்றவனும் அந்தக் கருவியோடு சேர்ந்தே பழையவனாகிறான். நாற்பது வயதில் அவனைப் பார்த்து, 'உன் திறமை காலாவதியாகிவிட்டது' என்று சொல்ல முதலாளிக்கு வசதியாகிவிடுகிறது. எனவே எந்த நூலை வைத்துக்கொள்வது என்ற கேள்வி அலமாரி அலங்காரம் பற்றியதன்று, அடுப்பெரிவது பற்றியது.

நிலைத்த நூல்களுக்கு வருவோம். டொனால்டு கனூத், 1962ஆம் ஆண்டு, இருபத்து நான்கு வயது மாணவராக இருந்தபோது ஒரு நூல் எழுத ஒப்பந்தம் செய்துகொண்டார். 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' என்பது பெயர். பன்னிரண்டு அதிகாரங்களில் முடிய வேண்டியது ஏழு தொகுதித் திட்டமாக வளர்ந்தது. 1968, 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வந்தன. நான்காம் தொகுதியின் முதற்பகுதி 2011இல்; அடுத்த பகுதி 2022இல்! இடையிலே என்ன செய்தார்? இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்காக 1977இல் வந்த அச்சுப்படியின் எழுத்தழகு அவருக்குப் பிடிக்கவில்லை. 'போகட்டும்' என்று விடாமல், கணித நூல்களை அச்சுக்கோக்கும் டெக் என்ற மென்பொருளையே படைத்தார். உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதில் எழுதுகிறார்கள்.

நான் போற்றுவது அந்தப் பிடிவாதத்தை அன்று, வேறொன்றை. தம் நூலில் பிழை கண்டு சொல்பவருக்குப் பிழை ஒன்றுக்கு 2 டாலர் 56 சென்ட் தருவதாக அறிவித்தார், தந்தார். 256 சென்ட் என்பது பதினாறடி எண்முறையில் ஒரு டாலர் என்ற விளையாட்டு அதில் உண்டு. பெற்றவர் பலர் அதை வங்கியிலே போடவில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினர். காசோலை மோசடிகளின் காரணமாக 2008இல் மெய்யான காசோலையை நிறுத்தி, கற்பனை வங்கி ஒன்றின் பெயரால் சான்றிதழ் வழங்கலானார். எந்த வேதத்தை எழுதியவன் 'என் பிழைக்கு விலை இவ்வளவு' என்று அறிவித்தான்? பைபிள் என்று இந்நூலை அழைப்போர் அவரைப் புகழ்வதாக எண்ணிச் சிறுமைப்படுத்துகிறார்கள்.

போற்றியாயிற்று, குறையையும் சொல்ல வேண்டும். நிரல்மொழிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்று கருதிய கனூத், மிக்ஸ் என்றொரு கற்பனை இயந்திரத்தைத் தாமே வகுத்து, அதன் மொழியில் எடுத்துக்காட்டுகளை எழுதினார். நடந்தது என்ன? அந்தக் கற்பனை இயந்திரத்துக்கும் முதுமை வந்தது! எம்மிக்ஸ் என்ற புதிய இயந்திரத்தை வகுக்க வேண்டியதாயிற்று. அந்த நிரல் பகுதிகளை இன்று பெரும்பாலோர் தாண்டிச் செல்கின்றனர். நிற்பவை கணித ஆய்வும் வரலாற்றுக் குறிப்புகளுமே. கணிதப் பயிற்சி நன்கு வாய்ந்தவனுக்கு இது வாழ்நாள் துணை. மற்றவன் முழுத் தொகுதியையும் வாங்கி அடுக்குவது வீண் செலவு. வரிசைப்படுத்தலும் தேடலும் பற்றிய மூன்றாம் தொகுதி ஒன்றே அவனுக்குப் போதும். அதுவும் நூலகத்தில் கிடைத்தால் நலம்.

கணிதம் அறியாதவனும் முழுதும் படிக்கத்தக்க நூல் ஒன்று உண்டு. 1975இல் ஃபிரெடரிக் புரூக்ஸ் எழுதிய 'தி மிதிக்கல் மேன்மந்த்'. 'ஆள்மாதம் எனும் கட்டுக்கதை' என்று நான் அதைப் பெயர்த்துச் சொல்வதுண்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் அறிவித்த சிஸ்டம் 360 கணினிக்கான இயக்க மென்பொருளை உருவாக்கும் பணியை மேற்பார்த்தவர் புரூக்ஸ். வேலை தாமதமாயிற்று, செலவு பெருகிற்று. ஏன் என்று ஆராய்ந்து எழுதியதே இந்நூல்.

பத்து ஆள் ஒரு மாதம் செய்வதை ஓர் ஆள் பத்து மாதம் செய்யலாம் என்பது கணக்கு வாத்தியாரின் பழைய பாடம். மென்பொருளுக்கு அது பொருந்தாது என்று நிறுவினார் புரூக்ஸ். நாற்று நட ஆள் கூட்டலாம். நாடகம் எழுத ஆள் கூட்டினால் நாடகம் விரைவில் முடியுமா? ஐவர் கூடி வேலை செய்தால், இருவர் இருவராகப் பேசிக்கொள்ள வேண்டிய வழிகள் பத்து. பதின்மர் ஆனால் இருபதன்று, நாற்பத்தைந்து! புதிதாக வருபவனுக்குக் கற்பிக்கப் பழையவனின் நேரமும் போகிறது. ஆகவே, தாமதமான வேலையில் ஆளைக் கூட்டினால் தாமதம் மேலும் கூடும். அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அலுவலகம்தோறும் இந்தத் தவறு நடந்துகொண்டிருக்கிறது. தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: நாள் நெருங்குகிறது, மேலாளர் ஐந்து பேரைக் கொண்டுவந்து இறக்குகிறார், ஐவருக்கும் விளக்கம் சொல்வதிலேயே ஒரு கிழமை கழிகிறது, இரவு பகலாக உழைத்தும் 'உங்களால் முடியவில்லை' என்ற பழி உழைத்தவன் தலையில் விழுகிறது. அந்தப் பழி பொய் என்று காட்டக் கையிலே கணக்கு வேண்டும். இந்நூல் அதைத் தருகிறது.

இதிலும் காலம் தின்ற பகுதிகள் உண்டு. திட்டக் குறிப்பேடு ஐந்தடி உயரத்துக்கு வளர்ந்ததையும், தாளை விட்டு நுண்படத்தகட்டுக்கு மாறியதையும் அவர் விவரிக்கும் இடங்களை இன்று தொல்பொருள் காட்சியாகத்தான் படிக்க முடியும். ஆனால் ஆழ்ந்து படிக்க வேண்டியது 1995ஆம் ஆண்டுப் பதிப்பின் புதிய அதிகாரங்களை. நிரலின் ஒவ்வொரு பகுதியின் உள்ளமைப்பும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது 1975இல் புரூக்ஸின் கொள்கை. டேவிட் பார்னாஸ் என்பார், உள்ளமைப்பை மறைத்து வாயிலை மட்டும் காட்டுவதே முறை என்றார். அந்தக் கருத்தைத் தம் முதற்பதிப்பில் புரூக்ஸ் கடுமையாக மறுத்திருந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், பார்னாஸ் சொன்னதே சரி, தாம் சொன்னது தவறு என்று அதே நூலிலே வெளிப்படையாக எழுதினார். முதற்பதிப்பின் வரியை ஓசையின்றி நீக்கியிருக்கலாம், எவர் கேட்டிருப்பார்? நீக்கவில்லை. பழைய கருத்து அப்படியே இருக்க, எதிரே திருத்தம் நிற்கிறது. படிப்பவன் இரண்டையும் எடைபோடலாம். 2022இல் மறைந்த அப்பெருமகன் விட்டுச் சென்றவற்றுள் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுவது அந்தச் சில பக்கங்களே.

அடுத்தது, சின்னஞ்சிறு நூல். பிரையன் கெர்னிகன், டென்னிஸ் ரிச்சி இருவரும் எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்'. 1978இல் முதற்பதிப்பு, 1988இல் இரண்டாம் பதிப்பு. முந்நூறு பக்கத்தைத் தொடவில்லை. ஒரு மொழியைப் படைத்தவரே உடனிருந்து எழுதியும் இவ்வளவு சுருக்கம்! மிகைபடக் கூறல் என்ற குற்றம் மருந்துக்கும் இல்லை. கணினித்திரையில் வணக்கம் சொல்லும் சிறு நிரலோடு பாடம் தொடங்கும் வழக்கத்தை உலகுக்குப் பரப்பியதும் இவ்வேடுதான். இரண்டாம் அதிகாரத்துக்குப் பிறகு எனக்கு மூச்சு வாங்கியது என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பயிற்சியையும் தட்டச்சிட்டு ஓடவிட்டுப் பார்த்தால் மட்டுமே அடுத்த பக்கம் திறக்கும் என்ற கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

இந்நூலை வேதமாகக் கொண்டவனுக்கு என்ன நேரும்? ஓர் எடுத்துக்காட்டு போதும். கெட்ஸ் என்றொரு செயல்கூறு இரண்டாம் பதிப்பில் இடம்பெற்றிருக்கிறது. பயனர் தட்டுவதைப் படித்து நினைவகத்தில் இடுவது அதன் வேலை. எவ்வளவு இடம் இருக்கிறதென்று அது கேட்பதேயில்லை. குடத்தின் கொள்ளளவைக் கேளாமல் நீரை ஊற்றும் கை! குடம் நிரம்பினால் நீர் தரையில் ஓடும். நினைவகம் நிரம்பினால் அடுத்திருக்கும் ஆணைகளின் மேல் ஓடும். கயவன் ஒருவன் தன் ஆணைகளையே நீராக ஊற்றலாமன்றோ? இரண்டாம் பதிப்பு வந்த அதே 1988ஆம் ஆண்டு, நவம்பர் திங்களில், மோரிஸ் புழு என்று பெயர் பெற்ற நிரல் இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று, ஃபிங்கர் என்ற சேவை நிரலில் இருந்த இதே கெட்ஸ்! ஆயினும் 2011ஆம் ஆண்டு வந்த தரநிலையில்தான் சி மொழியிலிருந்து அது நீக்கப்பட்டது. நூல் 1988இலேயே நிற்கிறது, மறுபதிப்பு வரவில்லை, ரிச்சியும் 2011இல் மறைந்தார். அப்படியானால் எறிந்துவிடலாமா? கூடாது. நினைவகம், சுட்டி, சரம் ஆகியவை எப்படி இயங்குகின்றன என்று அந்நூல் தெளிவாகக் கற்பித்திருப்பதால்தான், கெட்ஸ் ஏன் கேடு என்பது அதைப் படித்தவனுக்கே விளங்குகிறது. தன் குற்றத்தைக் காணும் கண்ணையும் தானே தரும் நூலை எப்படி எறிவது? அந்தப் பக்கத்தின் ஓரத்தில், '2011இல் நீக்கப்பட்டது. பயன்படுத்தாதே' என்று மையால் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு இணையான செய்தி ஜான் பென்ட்லியின் 'புரோகிராமிங் பெர்ல்ஸ்' நூலிலும் உண்டு. 1986இல் வந்த அந்த நூல், சிறு சிக்கல்களை எடுத்துக்கொண்டு அறிவாளி எப்படிச் சிந்திப்பான் என்று காட்டுவது. இருகூறு தேடலை அதில் விரிவாக ஆய்கிறார். அகரமுதலியில் சொல் தேடும் முறைதான்: நடுவில் பிரி, முன்னா பின்னா என்று பார், பாதியைத் தள்ளு, மறுபடி நடுவில் பிரி. தம் நிரல் சரியானதென்று படிப்படியாக நிறுவியும் காட்டினார் பென்ட்லி. 2006இல், அவரிடமே பாடம் கேட்டவரான ஜோஷுவா பிளாக், அதில் குறை இருப்பதை அறிவித்தார். நடுவைக் காணத் தொடக்க எண்ணையும் முடிவெண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். பட்டியல் மிகப் பெரிதானால், அந்தக் கூட்டுத்தொகை 2,147,483,647 என்ற எல்லையைத் தாண்டும், தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும், நிரல் விழும். நூறு கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள் கொண்ட பட்டியலை 1986இல் எவர் கண்டார்? ஜாவா மொழியின் நூலகத்திலும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இதே குறை ஒளிந்திருந்தது. அதை எழுதியவர் பிளாக் தாமே! ஆசிரியர் குற்றத்தை மாணவர் சொன்னார். தம் குற்றத்தையும் சேர்த்தே சொன்னார். குருவின் காலில் விழுந்துகிடக்கும் மரபில் இது நடக்குமா?

இப்போது பூசை மிகுதியாக நடக்கும் இடத்துக்கு வருகிறேன். 1994இல் எரிக் காமா, ரிச்சர்டு ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடீஸ் ஆகிய நால்வர் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்'. துறையினர் நூலாசிரியர்களை 'நால்வர்' என்றே குறிக்கிறார்கள். திருமுறை நால்வர் நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. பக்தி அந்த அளவில்தான் இருக்கிறது! இருபத்து மூன்று வடிவங்களை வகுத்துப் பெயரிட்டு, எப்போது பயன்படும், எப்போது பயன்படாது என்று எழுதினர். நன்முயற்சி. பெயர் இருந்தால்தான் இருவர் பேசிக்கொள்ள முடியும். ஆனால் பின்வந்தோர் செய்தது என்ன? இருபத்து மூன்றையும் மனப்பாடம் செய்து நேர்முகத் தேர்வில் ஒப்பிப்பது. பத்து வரியில் முடியும் நிரலில் வடிவம் மேல் வடிவமாக அடுக்கி நூறு வரியாக்குவது. ஆசிரியர்கள் எடுத்துக்காட்டியவை சி பிளஸ் பிளஸ், ஸ்மால்டாக் மொழிகளில். பீட்டர் நார்விக் என்ற அறிஞர் 1996இலேயே, மாறியல்பு மொழிகளில் இருபத்து மூன்றில் பதினாறு மிக எளிமையாகிவிடுகின்றன, அல்லது கண்ணுக்கே தெரியாமல் மறைகின்றன என்று எடுத்துக்காட்டினார். பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் வடிவம் இன்று பல மொழிகளில் ஒரே வரி. என் தீர்ப்பு இது: இந்நூலைப் பெயர்களின் அகராதியாக வைத்துக்கொள்ளலாம்; சட்டமாக வைத்துக்கொள்வது கேடு. கடன் வாங்கிப் படிப்பதே போதும்.

ரிச்சர்டு ஸ்டீவன்ஸின் 'டிசிபி ஐபி இல்லஸ்ட்ரேட்டட்' முதல் தொகுதியைப் பற்றி ஒன்று மட்டும். 1994இல் வந்த அதில் 'வலையமைப்பு இப்படி இயங்கும்' என்று அவர் வெறுமனே சொல்வதில்லை. கம்பியில் சென்ற பொதிகளைப் பிடித்து வைத்து, இதோ பார் என்கிறார். வாசகன் தன் கணினியிலும் அதே சோதனையைச் செய்யலாம். 2021இல் தரநிலை பெற்ற குவிக் நெறிமுறையை அவர் அறிந்திருக்க முடியாது, 1999இலேயே மறைந்துவிட்டார். ஆனால் அதைச் சோதிக்கும் முறையை அவரிடமிருந்தே கற்கலாம்.

'இனி நூலே எதற்கு? கேட்டவுடன் நிரலை எழுதித் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டனவே' என்ற குரல் இப்போது உரக்கக் கேட்கிறது. வரட்டும், வேலை எளிதாகட்டும். ஆனால் அந்த இயந்திரம் தரும் நிரலில், இரு எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும் அந்த வரி இருந்தால், 'எல்லை தாண்டினால்?' என்று எவன் கேட்பான்? 2006ஆம் ஆண்டுச் செய்தியை அறிந்தவன் கேட்பான். கெட்ஸ் வந்து நின்றால் எவன் தடுப்பான்? குடத்தின் கொள்ளளவைக் கேட்கக் கற்றவன் தடுப்பான். மற்றவன் முன்பு நூலைக் கும்பிட்டான்; இப்போது இயந்திரத்தைக் கும்பிடுவான். திசைதான் மாறியிருக்கிறது.

வாங்கப் பணமில்லாதவருக்கு ஒரு செய்தி. ஏபெல்சன், சஸ்மன் இருவரும் 1985இல் வெளியிட்ட 'ஸ்ட்ரக்சர் அண்ட் இன்டர்பிரிடேஷன் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராம்ஸ்' என்ற நூலின் 1996ஆம் ஆண்டுப் பதிப்பு முழுவதையும் எம்.ஐ.டி. பதிப்பகம் இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்தது. கடினமான நூல். ஸ்கீம் என்ற மொழியில் அமைந்தது. அம்மொழி எந்த வேலைவாய்ப்பு விளம்பரத்திலும் எளிதில் கண்ணில் படாது. ஆயினும் நிரல் என்பது என்ன என்ற வினாவுக்கு அதைப்போல் இறங்கி விடை சொன்ன ஏடுகள் மிகச் சில. நான்கைந்து மாணவர் கூடி, வாரம் ஓர் அதிகாரப் பகுதி என்று படிக்கலாம். கனூத்தின் தொகுதியை நூலகத்தில் எடுப்பவர், எடுக்கும் முன்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தளத்தில் அவர் வெளியிட்டுள்ள பிழைதிருத்தப் பட்டியலை இறக்கிக்கொள்க. அதற்கும் விலையில்லை.